‘கெட்’ பிடிபட வேண்டுமா? அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள்

மாலையில் வேலை முடிந்து, ஆங்கிலம் பேசிப் பழக வருபவர்கள் சிலருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் வந்த ஒரு தம்பி, பைக் மெக்கானிக். முதல் நாளே ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் முழுக்க ‘கெட்’தான். பெறு, வாங்கு, அடை, ஆகு, போய்ச் சேர், கொண்டு வா, புரிந்துகொள், எழு, இறங்கு என்று நீல மையில் வரிசையாக 31 பொருள்கள். அகராதியைப் பார்த்து எழுதி, மனப்பாடமும் செய்திருந்தார். “ஆனா யாராவது பேசும்போது இந்தச் சொல் வந்தா, 31ல எதுன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள அவங்க வேற விஷயத்துக்குப் போயிடுறாங்க சார்” என்றார்.

அவருடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அகராதியில் அந்தச் சொல்லைத் தனியாக நிறுத்திப் படித்ததுதான் சிக்கல். ‘கெட்’ தனியாக நிற்கும்போது அதற்குப் பொருளே இல்லை என்றுகூடச் சொல்வேன். பின்னால் என்ன வருகிறதோ, அதுதான் பொருளைக் கொண்டுவருகிறது. அந்தத் தம்பிக்கு எந்த வரிசையில் சொன்னேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் ‘பிடி’யைப் பாருங்கள்

ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த வாக்கியங்களைப் படியுங்கள். பந்தைப் பிடித்தான். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தான். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. பால் அடிபிடித்துவிட்டது. சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துவிட்டார்கள். பாப்பா அடம் பிடிக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு மோர்க்குழம்பு பிடிக்கும். இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்பது இடத்திலும் ஒரே ‘பிடி’. இதற்கு யாராவது நமக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா? ‘சளி’ என்று காதில் விழுந்ததுமே பின்னால் வரும் ‘பிடி’ எந்தப் பிடி என்று தெரிந்துவிடுகிறது. ‘சம்பளத்தில்’ என்றால் வேறு பிடி. பக்கத்துச் சொல்லை வைத்துப் பொருளைக் கண்டுகொள்ளும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான். தமிழில் வினை கடைசியில் வருவதால் துப்பு முன்னால் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், துப்பு பின்னால் வரும். ஆகவே ‘கெட்’ கேட்டதும் பொருளைத் தேடாதீர்கள். ஒரு நொடி பொறுத்து, அடுத்த சொல்லைக் கேளுங்கள்.

‘பிடி’யை நான் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘கெட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், பேசிய மொழி அது. ‘டேக்’, ‘ஸ்கை’, ‘தே’ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ‘கெட்’டின் ஆதி வேரைத் தேடிக்கொண்டு போனால், பற்று, பிடி என்ற பொருளில்தான் போய் நிற்கிறது. ‘ஃபர்கெட்’டுக்குள்ளும் இதே வேர்தான். பிடி நழுவுவது, அதாவது மறப்பது. புரியவில்லை என்பதற்கு நாம் ‘பிடிபடல’ என்கிறோம். அவர்கள் ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்கிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிற பொருத்தம்.

பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களில் ‘கெட்’தான் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள். பிறகு புதிய பதிப்புக்காக ‘ரன்’னைத் திருத்தி எழுதியபோது, அதன் வினைப்பொருள்கள் 645 வந்தன. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் ஆனது. ஆனால் புதிதாகப் பேசத் தொடங்குகிறவருக்கு நாள் முழுக்கக் கைகொடுப்பது ‘கெட்’தான். அதனால் முதலில் இதைப் பழகிக்கொள்ளலாம்.

படி 2: பின்னால் ஒரு பொருள் வந்தால்

இது சுலபம். ‘கெட்’டின் இறந்தகாலம் ‘காட்’. ‘ஐ காட் எ லெட்டர்’: எனக்குக் கடிதம் வந்தது. ‘ஷி காட் எ ஜாப்’: அவளுக்கு வேலை கிடைத்தது. ‘ஐ காட் திஸ் ஷர்ட் லாஸ்ட் வீக்’: இந்தச் சட்டையைப் போன வாரம் வாங்கினேன். ‘கெட் மி சம் வாட்டர்’: கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. ‘ஐ காட் எ கோல்ட்’: எனக்குச் சளி பிடித்தது. கிடைக்கட்டும், வாங்கட்டும், வரட்டும், பிடிக்கட்டும், எல்லாமே ஏதோ ஒன்று கைக்கு வந்து சேர்வதுதான்.

நாம் தடுமாறுவது அர்த்தத்தில் இல்லை, வாக்கியத்தின் தலையில். தமிழில் ‘எனக்கு’ வந்தது, ‘எனக்கு’க் கிடைத்தது. ஆங்கிலத்தில் அங்கே ‘ஐ’ உட்கார்ந்துவிடும். ‘ஃபீவர் கேம் டு மி’ என்று சொல்ல வாய் துடிக்கும். ‘எனக்கு’ என்று மனதில் தொடங்கும் வாக்கியத்தை, ‘ஐ காட்’ என்று வாயில் தொடங்கப் பழகுங்கள். எனக்கு ஃபோன் வந்தது, ‘ஐ காட் எ கால்’. எனக்கு ஒரு யோசனை வந்தது, ‘ஐ காட் அன் ஐடியா’. ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே பேச்சு இலகுவாகிவிடும்.

படி 3: பின்னால் ஒரு தன்மை வந்தால், ‘ஆச்சு’ போட்டுப் பாருங்கள்

லேட், டார்க், வெட், ஆங்ரி, ரெடி, பெட்டர் போன்ற சொற்கள் பின்னால் வந்தால், ஒரு நிலை இன்னொரு நிலையாக மாறுகிறது என்று அர்த்தம். நம்மிடம் இதற்கு ‘ஆச்சு’ இருக்கிறது. நேரமாச்சு, ‘இட் காட் லேட்’. ரெடி ஆகு, ‘கெட் ரெடி’. உடம்பு சரியாச்சு, ‘ஹி காட் பெட்டர்’. கல்யாணம் ஆச்சு, ‘தே காட் மேரிட்’.

எல்லா இடத்திலும் தமிழ் ‘ஆச்சு’ சொல்லாது. இருட்டுகிறது, பசிக்கிறது, கோபம் வருகிறது, நனைந்துவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் நாம் தனித்தனி வினை வைத்திருக்கிறோம். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே ‘கெட்’டில் முடித்துக்கொள்கிறது. ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’, ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி’, ‘வி காட் வெட்’. இங்கே தமிழ்தான் வளமாக இருக்கிறது, ஆங்கிலம் பேச வசதியாக இருக்கிறது.

‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் ஏற்கெனவே களைத்துவிட்டேன். ‘ஐ ஆம் கெட்டிங் டயர்ட்’ என்றால் களைப்பு வந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கல்யாணம் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மேரிட் வித்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். ‘மேரிட் டு’தான் சரி.

படி 4: பின்னால் ஒரு இடம் வந்தால்

போய்ச் சேர்வது. வெளியூரில், வெளிநாட்டில் வழி கேட்க இதைவிடப் பயனுள்ள வாக்கியம் கிடையாது: ‘ஹவ் டு ஐ கெட் டு தி ஸ்டேஷன்?’ ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? நேரம் கேட்க, ‘வென் வில் யூ கெட் தேர்?’

ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘ஐ காட் ஹோம் அட் டென்’ என்றால் பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். நாமும் ‘வீட்டுக்கு’ என்று சொல்லாமல் ‘வீடு வந்து சேர்ந்தேன்’ என்கிறோம் அல்லவா, அதே மாதிரி.

படி 5: பின்னால் முடிந்துபோன வினை வந்தால்

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகையில் ‘கெட்’டுக்கு அடுத்தே வினை வரும். ‘ஹி காட் காட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் விசித்திரமாகத் தெரியும், ஆனால் சரியான வாக்கியம்தான். முதல் ‘காட்’ நம் சொல், இரண்டாவது ‘கேட்ச்’சின் முடிந்த வினை வடிவம். மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். ‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’: ஃபோன் திருட்டுப் போய்விட்டது. ‘வி காட் ஸ்டக் இன் டிராஃபிக்’: டிராஃபிக்கில் சிக்கிக்கொண்டோம். ‘ஐ கெட் பெய்ட் ஆன் தி ஃபர்ஸ்ட்’: ஒன்றாம் தேதி சம்பளம் வரும். நம் ‘படு’வை நினைத்துக்கொள்ளுங்கள்: அடிபட்டது, மாட்டுப்பட்டது, பிடிபட்டது. நாமாகச் செய்தது இல்லை, நமக்கு நேர்ந்தது. பள்ளிக்கூட இலக்கணத்தில் ‘வாஸ் ஸ்டோலன்’ என்று படித்திருப்போம். அதுவும் சரிதான், ஆனால் பக்கத்தில் நின்று பேசுகிறவர் பெரும்பாலும் ‘காட் ஸ்டோலன்’ என்றுதான் சொல்வார்.

இரண்டாவது வகையில் நடுவே ஒரு பொருள் வந்து உட்காரும். பல வருடங்களுக்கு முன் வேலையிடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து, முடி நன்றாக இருக்கிறது என்றார். நான் ‘ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே’ என்றேன். அவர் கண்ணை விரித்து, பின்பக்கம்கூட நீங்களேவா வெட்டினீர்கள் என்று உண்மையிலேயே ஆச்சரியமாகக் கேட்டார். தமிழில் ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். அந்தக் ‘கிட்டேன்’ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கட்’ என்று சொன்னால் கத்திரி என் கையில் இருந்ததாக ஆகிவிடும். சொல்லியிருக்க வேண்டியது: ‘ஐ காட் மை ஹேர் கட்’.

வரிசையைப் பாருங்கள். காட், அப்புறம் பொருள், அப்புறம் முடிந்த வினை. பணத்தையோ நேரத்தையோ கொடுத்து இன்னொருவர் கையால் செய்துகொண்ட எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான். ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’. ‘வி காட் தி ஹவுஸ் பெயின்டட்’. ‘ஐ நீட் டு கெட் மை பாஸ்போர்ட் ரினியூட்’. ‘டிட் யூ கெட் தி டிக்கெட் கேன்சல்ட்?’

இப்படிப் பேசுவது நமக்கு அந்நியமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் பொறித்த கல்வெட்டு ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறது, அதாவது நாம் கட்டச் செய்த கற்கோயில். எடுத்த என்று இல்லை, எடுப்பிச்ச. கல் சுமந்தவர்களும் செதுக்கியவர்களும் வேறு, செய்வித்தவன் அரசன் என்பது அந்த ‘ப்பி’யிலேயே இருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வடிவம் தேய்ந்துபோய், வீடு கட்டினேன், சட்டை தைத்தேன் என்றே சொல்லிவிடுகிறோம். அதையே அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் தையற்காரர் செய்த வேலை நம் தலையில் வந்து சேர்கிறது.

படி 6: பின்னால் ஓர் ஆளும் ‘டு’வும் வந்தால்

‘ஐ காட் மை ஃபாதர் டு அக்ரீ’. அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். நம் ‘வைத்தேன்’தான் இது. ‘ஐ மேட் ஹிம் அக்ரீ’ என்றும் சொல்லலாம், ஆனால் அதில் கட்டாயம் தொனிக்கும். ‘காட்’டில் கெஞ்சலும் பொறுமையும் இருக்கின்றன, சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தது போல. ‘மேட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது, ‘காட்’டுக்குப் பின்னால் கட்டாயம் வரும்.

ஆள்தான் வேண்டும் என்றில்லை, முரண்டு பிடிக்கும் பொருளும் வரலாம். இதை விளக்கி முடித்ததும் அந்த மெக்கானிக் தம்பி தானாக ஒரு வாக்கியம் சொன்னார்: ‘ஐ காட் தி பைக் டு ஸ்டார்ட்’. அரை மணி நேரம் ப்ளக்கைக் கழற்றி மாட்டி, கார்புரேட்டரைத் துடைத்து, கடைசியில் வண்டி கிளம்பியது அந்த ஒரு ‘காட்’டுக்குள் வந்துவிட்டது. என் வகுப்பில் அன்றைக்கு அதைவிட நல்ல வாக்கியம் யாரும் சொல்லவில்லை.

படி 7: ‘காட் டு’ இரண்டு உண்டு, கவனம்

‘ஐ காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐவ் காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். ஒன்று பாக்கியம், மற்றது கடமை. நடுவில் வரும் ஒரு சின்ன ‘வ்’ மட்டும்தான் வேறுபாடு. வேகமாகப் பேசும்போது அந்த ‘வ்’ விழுந்தே போய், ‘ஐ காட்டா கோ’ என்று காதில் விழும். ‘காட்டா’ என்று ஒட்டிக் கேட்டால் அநேகமாகக் கடமைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐவ் காட் எ பென்’ என்பதும் இதே குடும்பம். என்னிடம் பேனா இருக்கிறது என்று அர்த்தம், கிடைத்தது என்று அல்ல.

அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்று இன்னொரு வடிவம் வைத்திருக்கிறார்கள். பஞ்சு அல்ல, ‘ஃபர்காட்டன்’ என்பதில் வருகிறதே, அது. ‘ஐவ் காட்’ என்றால் அவர்களுக்கு ‘இருக்கிறது’, ‘ஐவ் காட்டன்’ என்றால் ‘கிடைத்திருக்கிறது’ அல்லது ‘ஆகியிருக்கிறது’. பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக இரண்டுக்கும் ‘காட்’தான். நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழியில் போவதால் ‘காட்டன்’ கேட்டால் தவறு என்று தோன்றும். தவறில்லை. நீங்கள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காமல் இருந்தால் போதும்.

படி 8: அப், ஆஃப், ஓவர் போன்ற ஒட்டுச் சொற்கள்

இங்கேதான் பட்டியல் கொஞ்சம் உதவும், ஆனால் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும். முதலில் தேவைப்படுவது வண்டிகள்.

ஏறி நின்று நடக்க முடியுமா? பஸ், ரயில், விமானம், கப்பல். அப்படியானால் ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார மட்டும்தான் முடியுமா? கார், டாக்ஸி. அப்படியானால் ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. சைக்கிளும் பைக்கும் மேலே ஏறி உட்காருவதால் ‘ஆன்’, ‘ஆஃப்’.

பஸ்ஸிலிருந்து இறங்க நாம் எல்லோரும் சொல்வது ‘கெட் டவுன்’. ‘இறங்கு’ என்பதில் கீழே போவது இருப்பதால் அந்த ‘டவுன்’ நமக்கு இயல்பாக வந்தது. இந்தியா முழுக்கப் புழங்குகிறது, இங்கே எல்லோருக்கும் புரிகிறது, ஆகவே கண்டக்டரிடம் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ ‘கெட் டவுன்’ என்று கத்தினால், தலையைக் குனி, தரையில் படு என்று எடுத்துக்கொள்வார்கள். மரத்திலிருந்தும் ஏணியிலிருந்தும் இறங்க அங்கேயும் ‘கெட் டவுன்’தான்.

அடுத்தது வேலையிடத்தில் தினமும் வருவது. ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் விசாரித்துவிட்டு மறுபடி சொல்கிறேன் என்று அர்த்தம், திரும்பி வருகிறேன் என்று அல்ல. ‘ஐ குடன்ட் கெட் த்ரூ’ என்றால் லைன் கிடைக்கவில்லை. ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் ஓவர்’ காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது.

படி 9: காதைப் பழக்குங்கள்

எழுத்தில் எல்லாம் தெரிந்தும் பேச்சில் ‘கெட்’ காதில் விழாமல் போகலாம், முக்கியமாக அமெரிக்கர்கள் பேசும்போது. அதற்குத் தமிழ் எழுத்திலேயே சாவி இருக்கிறது. ‘பட்டு’ என்று சொல்லுங்கள், பிறகு ‘படு’ என்று சொல்லுங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை ‘ட’ வந்தால் நாக்கு லேசாகத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது, இல்லையா? அமெரிக்கர்களின் ‘கெட்’டுக்குப் பின்னால் உயிர் எழுத்து வந்தால் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ ஆகிறது. ‘கெட் அப்’ என்பது ‘கெடப்’. ‘காட் இட்’ என்பது ‘காடிட்’. ‘பாடம்’, ‘ஓடு’ சொல்கிற நாக்கை வைத்துச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று வந்துவிடும்.

படி 10: எங்கே சொல்லக் கூடாது என்பதும் முக்கியம்

‘கெட்’ பேச்சுக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் மெசேஜுக்கும் உரியது. விண்ணப்பம், புகார்க் கடிதம், ஆராய்ச்சிக் கட்டுரையில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைப்பது ‘ரிசீவ்’, பெறுவது ‘ஒப்டெய்ன்’, ஆவது ‘பிகம்’, போய்ச் சேர்வது ‘அரைவ்’. நம்மில் பலருக்குப் பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. பள்ளியில் எழுதிப் படித்ததால், டீக்கடைப் பேச்சில்கூட ‘ஐ ரிசீவ்ட் எ கால்’ என்று சொல்லிவிடுகிறோம். தவறில்லை, ஆனால் சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

படி 11: நோட்டு

பழைய 31 பொருள் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஏழு பக்கம் ஒதுக்குங்கள். பொருள், தன்மை, இடம், முடிந்த வினை, பொருளும் முடிந்த வினையும், ஆளும் ‘டு’வும், ஒட்டுச் சொல். ‘காட் டு’ இரண்டையும் கடைசி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காதில் விழுகிற அல்லது கண்ணில் படுகிற ஒரே ஒரு ‘கெட்’ வாக்கியத்தை அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். அர்த்தம் எழுத வேண்டாம். எந்தச் சூழலில் யார் சொன்னார்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு ஃபோன் பேச்சு தருகிறேன். ‘இட்ஸ் கெட்டிங் லேட். ஐ காட்டா கோ. ஐ வில் கெட் அன் ஆட்டோ அண்ட் கெட் ஹோம் பை நைன். பை தி வே, டிட் யூ கெட் யுவர் ஃபோன் ஃபிக்ஸ்ட்?’

ஐந்து ‘கெட்’. முதலாவது தன்மைப் பக்கம், நேரமாகிறது. இரண்டாவது கடைசி அட்டை, கிளம்பியே ஆக வேண்டும். மூன்றாவது பொருள், ஆட்டோ பிடிக்கிறேன். நான்காவது இடம், ஒன்பதுக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். ஐந்தாவது, தஞ்சாவூர்க் கல்வெட்டுப் பக்கம்: ஃபோனைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார்களா?